அடுப்பங்கரைப் பக்கம்: கடல்பாசியில் ஓர் இத்தாலி இனிப்பு, மேலே சாத்துக்குடி ஐஸ்

'பன்னா கோட்டா' என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ கோட்டை கொத்தளம் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலி பாஷையில் 'பன்னா' என்றால் பாலேடு, 'கோட்டா' என்றால் சமைத்தது. சமைத்த பாலேடு, அவ்வளவுதான் சங்கதி. இத்தாலியின் வடமேற்கே, ஆல்ப்ஸ் மலையை ஒட்டி இருக்கும் பீட்மான்ட் பகுதிக்காரர்கள் இதைத் தங்கள் ஊர்ப் பண்டம் என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். பாலேட்டைச் சர்க்கரையோடு சூடாக்கி, ஜெலட்டினைக் கரைத்து ஊற்றி, கிண்ணத்தில் குளிர வைப்பார்கள். முட்டை வேண்டாம், மாவு வேண்டாம், கேக் அடுப்பும் வேண்டாம். மேலே ஓர் உருண்டை புளிப்பு ஐஸ் வைத்துக் கொடுப்பதும் உண்டு. அதற்கு 'சோர்பே' என்று பெயர்.

இப்போது இதைச் சின்னக் கண்ணாடிக் கிளாசில் போட்டு நம் பக்கத்துக் கடைகளிலும் விற்கிறார்கள். நாலு ஸ்பூனில் தீர்ந்து போகிறது. விலையைக் கேட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் நான் இதை இந்தப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டது விலைக்காக இல்லை, ஜெலட்டினுக்காக.

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி, மீன் இவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. பாக்கெட்டில் விற்கிற பண்டமாக இருந்தால் அசைவத்துக்கான பழுப்புக் குறி போட்டிருக்கும், பார்த்து வாங்கலாம். கிளாசில் ஊற்றி வைத்திருப்பதில் என்ன குறியைக் கண்டோம்? போன வருஷம் ஒரு கல்யாண வரவேற்புக்கு எங்கள் மாடிப்படிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போயிருந்தோம். கீழ்வீட்டு மாமி பிறந்ததிலிருந்து மரக்கறி மட்டுமே சாப்பிடுகிறவர். கிளாசை வாங்குவதற்கு முன்பே, "தம்பி, இதிலே என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். "பால் ஐட்டம்தாம்மா, சுத்த வெஜ்" என்றான் பையன். பாதி சாப்பிட்ட பிறகு, கேட்டரிங் படிக்கிற ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஜெலட்டின் கணக்கை விளக்க ஆரம்பித்தது. மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பூனை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அன்று ராத்திரி வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. எதிர்வீட்டு பாய் வீட்டம்மா முதலிலேயே கிளாசைத் தொடவில்லை. எந்தப் பிராணியினுடையது, எப்படி அறுத்தது என்று தெரியாததை அவர் எப்படித் தொடுவார்?

ஒரே மாடிப்படியை மிதிக்கிற மூன்று வீட்டுப் பெண்கள் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட முடியாத இனிப்பைச் சொல்லிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி. கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் அகர் அகர் என்று போட்டிருக்கும். எல்லாம் ஒன்றே. கடலில் விளையும் ஒரு தாவரத்தின் சாறு.

கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் இருக்கிறவர்களுக்குக் கடல்பாசியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நோன்பு மாதம் வந்தால் சாயங்காலம் கஞ்சித் தூக்கோடு கடல்பாசித் தட்டும் மூடி போட்டு வந்துவிடும். பாலில் ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று, இளநீரில் ஒன்று. "அக்கா, சூடு ஆறிடுச்சு, அப்படியே வெட்டிக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போவார் பாய் வீட்டம்மா. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்பது அவர்கள் அனுபவம். இத்தாலிக்காரர்களின் பன்னா கோட்டாவை முதல் தடவை பார்த்தபோது, 'அட, இது நம்ம நோன்புக் கடல்பாசிக்கு ஒன்றுவிட்ட தங்கை' என்றுதான் எனக்குத் தோன்றியது.

நம் ஊர் வெயிலுக்கும் கடல்பாசிதான் ஏற்றது. ஜெலட்டின் சுமார் 30 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். வாயில் வைத்ததும் கரைகிறது என்று அவர்கள் புகழ்வதன் ரகசியம் அதுதான். 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி அடித்தது ஞாபகம் இருக்கிறதா? அவ்வளவு வேண்டாம், சாதாரணக் கத்திரி வெயிலிலேயே ஜெலட்டின் பண்டம் சாப்பாட்டு மேஜைக்கு வருவதற்குள் மோராகிவிடும். கடல்பாசி அப்படி இல்லை. சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே உறைந்துவிடும். உறைந்த பிறகு இளக வேண்டுமானால் 85 டிகிரியாவது வேண்டும். கரண்ட் போனாலும் கிண்ணத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இந்தக் குணத்தை உலகத்துக்கே உபயோகமாக்கியது ஒரு குடும்பப் பெண் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவில் பிறந்து ஜெர்மனியில் வாழ்க்கைப்பட்ட ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மாள். இவருடைய கணவர் வால்டர் ஹெஸ்ஸே டாக்டர். ராபர்ட் கோக் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்து ஆராய்ந்து கொண்டிருந்தார். கிருமி வளர்க்க அவர்கள் உபயோகித்தது ஜெலட்டின். வெயில் நாளில் அது உருகி, செய்த வேலையெல்லாம் பாழாயிற்று. "நீ செய்கிற ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது?" என்று மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் அகர் அகரைக் காட்டினார். சின்ன வயசில், ஜாவாவில் இருந்துவிட்டு வந்த டச்சுக்காரக் குடும்பம் ஒன்று பக்கத்தில் குடியிருந்ததாம். அவர்களிடமிருந்து வந்த கைமுறை அது. இது நடந்தது 1881-ல். அடுத்த வருஷம் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் அகர் பெயர் இருக்கிறது. அந்த அம்மாள் பெயர் இல்லை. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் 'கல்ச்சர் டெஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தால், லேப்பில் வட்டத் தட்டில் கிருமி வளர்வது பெரும்பாலும் இந்தக் கடல்பாசியின் மேல்தான்.

இன்னொரு கூட்டம் பெண்களையும் சொல்லாமல் போக முடியாது. நம் ராமநாதபுரம் கடலோரத்தில், பாம்பன் பக்கத்தில், பாசி எடுப்பது பெண்களின் தொழில். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலுக்கடியில் மூழ்கிப் பாறையிலிருந்து பிடுங்குகிறார்கள். அகர் எடுக்க உதவுவது 'மரிக்கொழுந்துப் பாசி' என்று அவர்கள் சொல்லும் வகை. என்ன அழகான பெயர்! 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவானபின், தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுப்பதற்குத் தடைகள் வந்தன. கடலைக் கெடுக்காமல் எடுக்கிறோம் என்று வாதாடி, எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டு போராடினார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-ல் அமெரிக்காவிலிருந்து சீகாலஜி விருது கிடைத்தது. பத்துக் கிராம் பாக்கெட்டைப் பிரிக்கும்போது இழைகளைக் கீழே சிந்தாமல் எடுப்பது எனக்குப் பழக்கம்.

சரி, அடுப்புக்கு வருவோம். முதலில் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. மளிகைக் கடையில் 'ஜிகர்தண்டாவுக்குப் போடுவது' என்று கேட்டால் சில சமயம் பாதாம் பிசினை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது மரத்துப் பிசின், தண்ணீரில் ஊதும், உறைய வைக்காது. நமக்கு வேண்டியது வெள்ளையாக, எடையே இல்லாமல், பிளாஸ்டிக் நாடா போல இருக்கும் இழை.

ஆறு பேருக்கு: கொழுப்பு எடுக்காத பால் 400 மில்லி (ஆவினில் ஆரஞ்சு நிறப் பாக்கெட் நல்லது), பிரெஷ் கிரீம் 100 மில்லி, சர்க்கரை 4 மேஜைக்கரண்டி, கடல்பாசி 3 கிராம், தண்ணீர் 150 மில்லி, வாசனைக்கு இரண்டு நார்த்தை இலை. தராசு இல்லாதவர்கள் 10 கிராம் பாக்கெட்டை மூன்றாகப் பங்கு போட்டு ஒரு பங்கு எடுங்கள். கிரீமுக்குப் பதில் வீட்டில் எடுத்த பாலாடையும் போடலாம். ஆனால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் சுற்றினால் வெண்ணெய் திரண்டு வந்துவிடும்.

அளவில்தான் எல்லாம் இருக்கிறது. நோன்புக் கடல்பாசி கத்தியால் வெட்டித் துண்டு போடுகிற பதம். அதற்கு ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் போடலாம். பன்னா கோட்டா அப்படி இருக்கக் கூடாது. கிண்ணத்தைத் தட்டினால் லேசாக நடுங்க வேண்டும். ஸ்பூன் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். 'கடல்பாசியில் செய்தால் ரப்பர் மாதிரி இருக்கும்' என்று பெரிய ஹோட்டல்காரர்கள் சொல்வது அளவு தெரியாமல் அள்ளிப் போடுவதால்தான்.

கடல்பாசியைக் கிள்ளி அந்தத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற விட்டு, அதே தண்ணீரோடு சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். எட்டுப் பத்து நிமிஷத்தில் இழை தெரியாமல் கஞ்சித் தண்ணீர் போலத் தெளிந்துவிடும். ஒரு நூல் மிதந்தாலும் அடுப்பை அணைக்காதீர்கள். இன்னோர் அடுப்பில் பாலும் சர்க்கரையும் நன்றாகச் சுட்டதும் நார்த்தை இலையைக் கசக்காமல் போட்டு, இறக்கி மூடி வையுங்கள். வேப்பிலைக்கட்டி இடிக்கும்போது வீடெல்லாம் மணக்குமே, அந்த மணம் பாலில் மெதுவாக ஏறும். பத்து நிமிஷத்தில் இலையை எடுத்துவிட வேண்டும். அதிகம் ஊறினால் கசக்கும். இலை கிடைக்காவிட்டால் ஆரஞ்சுத் தோலை உள்வெள்ளை படாமல் மெல்லியதாகச் சீவிப் போடலாம். வெனிலா எஸன்ஸும் போடலாம்தான், ஆனால் அதில் என்ன நம் கை இருக்கிறது?

பாலை மறுபடி சுட வைத்து, கொதிக்கக் கொதிக்க இருக்கும் கடல்பாசியை வடிகட்டி அதில் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டும் சூடாக இருக்க வேண்டும். ஆறிய பாலில் ஊற்றினால் அங்கங்கே சேமியா மாதிரி திரிந்து நிற்கும். ஒரு நிமிஷம் கொதித்ததும் அணைத்து, கடைசியில் கிரீம். கிரீமும் பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லோடு வேண்டாம். முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி சோதனை. குளிர்ந்த தட்டில் ஒரு ஸ்பூன் விட்டு இரண்டு நிமிஷம் பாருங்கள். ஓடினால் இன்னும் கொஞ்சம் கடல்பாசியைத் தனியே கரைத்துச் சேர்க்கலாம். கெட்டியாக இருந்தால் சூடான பால் சேர்க்கலாம். உறைந்த பிறகும்கூடத் திரும்ப அடுப்பில் வைத்து இளக்கிச் சரி செய்யலாம் என்பது கடல்பாசியின் பெருந்தன்மை. பிறகு சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, ஆறியதும் மூடி போட்டு இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். அச்சு வாங்கித் தலைகீழாகக் கவிழ்க்கிற வித்தையெல்லாம் நமக்கு எதற்கு? எவர்சில்வர் கிண்ணமே போதும்.

பழச்சாற்றை இந்தப் பாலிலேயே ஊற்றிவிட்டால் வேலை மிச்சம் என்று நினைக்காதீர்கள். புளிப்பு பட்டால் சூடான பால் திரிந்துவிடும் என்பது பனீர் செய்கிற எல்லோருக்கும் தெரியும். கடல்பாசிக்கும் புளிப்போடு சேர்ந்து கொதித்தால் உறையும் சக்தி குறைந்துவிடும். அதனால்தான் புளிப்பைத் தனியாக ஐஸாக்கி மேலே வைக்கும் ஏற்பாடு. பாலும் புளிப்பும் சேருமிடம் நம் நாக்குத்தான்.

'சோர்பே' என்ற பெயருக்கு மலைக்க வேண்டாம். நம் நன்னாரி சர்பத்தின் உறவு அது. அரபியில் குடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர், துருக்கி வழியாக இத்தாலிக்குப் போய் 'சோர்பெத்தோ' ஆயிற்று. நம் பக்கம் வந்து சர்பத் ஆயிற்று.

ஆறு சாத்துக்குடியைப் பிழிந்தால் 400 மில்லி சாறு தேறும். 150 கிராம் சர்க்கரையை 150 மில்லி தண்ணீரில் கரையும் அளவுக்குச் சுட வைத்து நன்றாக ஆற விடுங்கள். சாறு, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, எல்லாவற்றையும் சேருங்கள். சாத்துக்குடியைக் கடைசி நிமிஷத்தில் கையால்தான் பிழிய வேண்டும். மிக்ஸியில் போட்டு விதை அரைபட்டாலோ, பிழிந்து ரொம்ப நேரம் வைத்தாலோ, சூடு காட்டினாலோ கசந்து போகும். கமலா ஆரஞ்சு வரும் மாதங்களில் அதில் செய்தால் நிறமும் தூக்கும். நார்த்தங்காய் கிடைத்தால் ஒரு ஸ்பூன் சாறு மட்டும் சேருங்கள், அதன் மணமே தனி.

இதைத் தட்டையான டிபன் டப்பாவில் ஊற்றி பிரீசரில் வையுங்கள். முக்கால் மணிக்கு ஒரு தடவை எடுத்து, ஓரத்தில் உறைந்ததை முள்கரண்டியால் சுரண்டி நடுவோடு கலந்து விடுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் ஈரமணல் போல நயமாக வரும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஐஸ் டிரேயில் கட்டிகளாக உறைய வைத்து, ஜில்லென்று இருக்கும் மிக்ஸி ஜாரில் விட்டு விட்டு ஓட்டலாம். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் ஐஸ் கல்லாகிவிடும். அது இனிப்புக்கு மட்டுமல்ல, தண்ணீரை இறுக விடாமல் தடுக்கவும்தான். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இனிப்புக் குறைத்துத் தனி டப்பாவில் செய்து, பல்லால் கடிக்கிற தூளாகச் சுரண்டிக் கொடுங்கள்; அதுவும் இரண்டு ஸ்பூன்தான். சிறுநீரகக் கோளாறால் பழச்சாறு கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பவர்களுக்குப் பால் பண்டத்தைப் பற்றியும் அவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு என்று வெளியே விற்கும் பாளம் ஐஸை வாங்கி உடைத்துப் போட்டுவிடாதீர்கள். காசிமேட்டில் மீனுக்குப் போடுகிற ஐஸ் மீனைக் கெடாமல் வைக்கச் செய்தது. வாயில் போடச் செய்ததல்ல. மகாராஷ்டிராவில் 2018-ல், சாப்பிடத் தகாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்றே உத்தரவு போட்டார்கள். ஒரு காலத்தில் நம் ஊருக்கு ஐஸ் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தது. அதை வைக்க 1842-ல் கட்டியதுதான் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். இப்போது விவேகானந்தர் இல்லம். அன்றைக்குத் துரைமார் வீட்டுக்கு மட்டும் எட்டிய பண்டம், இன்று வீட்டுப் பிரீசரில், நாம் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரிலேயே உறைகிறது. அப்புறம் ஏன் வெளியே போய் வயிற்றுப்போக்கை வாங்கி வர வேண்டும்?

கொடுங்கையூர்க்காரர்களுக்கு ஈயைப் பற்றிப் பாடம் வேண்டாம். குப்பைக் கிடங்குப் பக்கம் காற்றடிக்கிற நாளில் பால் பாத்திரத்தை ஒரு நிமிஷம் திறந்து வைக்க முடியாது. ஆற வைக்கும்போது வலைமூடியோ மெல்லிய துணியோ கட்டாயம். பிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். கரண்ட் நிற்பதால் கடல்பாசி உருகாதே தவிர, அதிலிருக்கும் பால் கெடும். நாலு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லையென்றால், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். விழுங்கச் சிரமப்படும் வயசானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஸ்பூனால் நன்றாக மசித்துக் கொடுங்கள்.

பரிமாறும்போது கிண்ணத்தில் சோர்பேயை ஓர் ஓரமாக வைத்தால் போதும், மேலே குவிக்க வேண்டாம். ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் பால், கொஞ்சம் புளிப்பு வர வேண்டும். ஐஸ் உருகிக் கீழே தேங்குமுன் சாப்பிட்டுவிட வேண்டும்.

முதல் நாள் இதைச் செய்தபோது கீழ்வீட்டு மாமி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, வழக்கம் போல, "இதிலே என்ன போட்டிருக்கு?" என்றார். நான் வாய் திறக்குமுன், "கடல்பாசிதான் மாமி, பாக்கெட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றார் பாய் வீட்டம்மா.

மிச்சமிருக்கும் கிரீமைத் திறந்த பாக்கெட்டோடு வைக்காமல் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சப்பாத்திக் குருமாவில் இரண்டு ஸ்பூன் விட்டால் நன்றாக இருக்கும். பிழிந்த எலுமிச்சை மூடிகள் பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்க ஆகும்.